தலைப்பேற்றின் முறைமை

கருப்பையின் தசைகள் ஒழுங்கான இடைவெளிகளில் இறுகித் தளர்ந்து, அதன் வாயைத் திறந்து, உள்ளே வளர்ந்த சேயையும் அச்சேயை ஊட்டி வளர்த்த நஞ்சுக்கொடியையும் வெளியேற்றும் தொழிற்பாடு பேறு எனப்படும். ஒருத்தி முதன்முதலாகக் காணும் பேறு தலைப்பேறு. கருப்பை வாய் திறக்கத் தொடங்கி முழுதும் விரியும் வரை விரிநிலை, அதன்பின் சேய் பிறக்கும் வரை பிறப்புநிலை, அதற்கும் பின் கொடி கழலும் வரை கழல்நிலை எனப் பேறு மூன்று நிலைகளாகப் பகுக்கப்படும். தலைப்பேற்றில் முதலிரு நிலைகளும் நீள்கின்றன. அந்நீட்சிக்குரிய முறைமையைத் தாயாகப் போகிறவளும் அவளைச் சூழ்ந்தோரும் முன்னரே அறிந்திருப்பின், தன் உடல் தவறுகிறதோ என்னும் அச்சம் அவளை அணுகாது.

முறைமையின் அடிப்படை ஒரு தசைப்பண்பு. கைத்தசை இறுகினால் குறுகும். தளர்ந்தால் பழைய நீளத்துக்கே மீளும். பேற்றின்போது கருப்பைத் தசையோ, ஒவ்வோர் இறுக்கத்துக்குப் பின்னும் தளர்ந்தாலும், முன்னிருந்த நீளத்துக்கு முழுதாக மீள்வதில்லை. கிணற்றில் நீர் இறைப்பவர் இழுத்த கயிற்றை நழுவவிடாமல் கைமாற்றிப் பிடிப்பதுபோல, ஒவ்வொரு வலியும் ஈட்டியதைக் கருப்பை தக்கவைத்துக்கொள்கிறது. இதனை நிலைக்குறுக்கம் என்று வழங்கலாம். இதனால் கருப்பையின் மேற்பகுதி படிப்படியாகத் தடிக்கிறது. கீழ்ப்பகுதி மெலிந்து மேலிழுபட, வாய் திறக்கிறது.

முன்பே ஈன்றவளுக்குக் கருப்பையின் கழுத்து மெலிவதும் விரிவதும் பெரும்பாலும் ஒருங்கே நிகழும். தலைப்பேற்றில் கழுத்து முதலில் குறுகி மெலிந்து தாள்போலாகி, அதன் பின்னரே விரிவு முனைப்புறும். இந்தத் தொடக்கப் பகுதிக்கு இவ்வளவு காலம் என்னும் வரையறை இல்லை. வலி விட்டுவிட்டு வரும். ஓரிரவு முழுதும் நீண்டும் 'இன்னும் நேரமிருக்கிறது' என்று செவிலியர் சொல்லக் கேட்டுத் தலைச்சன் பிள்ளைக்காரி சோர்வாள். பேறாக முதிராத பொய்வலியாகிய சூட்டுவலி, அவள் நடந்தாலோ ஓய்வெடுத்தாலோ அடங்கும். பேற்றுக்குரிய மெய்வலி இடைவெளி சுருங்கி, நீடித்து, வலுத்து வரும்.

எமானுவேல் பிரீட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1955-இல் தலைப்பேறு கண்ட 500 பெண்களின் வாய்விரிவை நேரத்தோடு பொருத்தி வரைகோடாக்கினார். அளந்தறியும் பழக்கத்தை மகப்பேற்று அறைக்குள் கொணர்ந்த பெரும்பணி அது. ஆயினும் மணிக்கு ஒரு சென்டிமீட்டரேனும் விரிய வேண்டும் என்று பின்னர் வேரூன்றிய அளவுகோல், இயல்பாகவே மெல்ல விரியும் பல பெண்களையும் விரைவுபடுத்தத் தூண்டியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறை அதனைத் திருத்தியது: முனைப்பான விரிவு 5 சென்டிமீட்டரில் தொடங்குகிறது, அங்கிருந்து முழுவிரிவாகிய 10 சென்டிமீட்டரை எட்டத் தலைப்பேற்றில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேலாகாது, பிறப்புநிலை பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள் முடியும். தாயும் சேயும் நலமாயிருக்கும் வரை பொறுத்திருத்தலை மருத்துவமாக ஏற்ற இத்திருத்தத்தை நான் நெஞ்சார வரவேற்கிறேன். அப்பொறுமையிலும் விழிப்பு வேண்டும். சேயின் நெஞ்சத் துடிப்பைக் குறித்த இடைவெளிகளில் தவறாது செவிமடுத்து வருதல் வேண்டும்.

வலியை வலுவூட்டுவது ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர். மூளையடிச் சுரப்பியின் பின்மடற் சாறு கருப்பையை இறுக்குவதை என்றி டேல் 1906-இல் பூனையிடம் கண்டார். ஒன்பது அமினோக் காடிகளால் ஆன ஆக்சிடோசினை வின்சென்ட் தூ விக்னோ செயற்கையாய் ஆக்கி, 1955-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். சேயின் தலை கருப்பைக் கழுத்தை அழுத்த, அச்செய்தி நரம்புவழி மூளையை எட்ட, இயக்குநீர் சுரக்க, கருப்பை மேலும் இறுக, தலை மேலும் அழுத்துகிறது. உடலின் சுழற்சிகளில் மிகுதியானவை மிகுந்ததைக் குறைத்து நடுநிலை காப்பவை. இதுவோ தன்னைத் தானே வளர்த்து, பிறப்பில் மட்டுமே ஓயும் சுழற்சி. அச்சமும் தனிமையும் இதனைத் தளர்த்த வல்லவை. அருகிருந்து கைபற்றித் தேற்றும் ஒருத்தி இருப்பின் பேறு சுருங்குவதையும், அறுவை குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே தாயையோ தமக்கையையோ உடனிருக்க ஒப்புதல் மருத்துவத்தின் ஒரு கூறே ஆகும்.

பிறப்புநிலையில் சேயும் தன் பங்கைச் செய்கிறது. இடுப்பெலும்பு வளையத்தின் நுழைவாயில் குறுக்குவாட்டில் அகன்றது. வெளிவாயில் முன்பின்னாக அகன்றது. எனவே சேய் மோவாயை மார்பில் ஒட்டித் தலையின் சிறிய குறுக்களவாகிய ஏறக்குறைய 9.5 சென்டிமீட்டரை முன்னிறுத்தி நுழைந்து, இடையே பிடரி முன்னாகத் திரும்பி, இடுப்பின் முன்னெலும்புக்கு அடியில் தலை நிமிர்த்தி வெளிப்படுகிறது. மண்டையெலும்புகள் இன்னும் ஒட்டிப் பொருந்தாதிருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி இடங்கொடுக்கின்றன. அவ்வேளை தாய்க்கு முக்க வேண்டும் என்னும் உந்துதல் அடக்கவொண்ணாது எழும். வலிகளுக்கிடையே அவள் கண்ணயர்வதும் உண்டு. முக்குதலை அவ்வுந்துதலின் போக்கில் விடுவதே முறை.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் அரைமணிக்குள் கழலும். நிறைகருப்பையினூடே ஒரு மணித்துளிக்கு அரை லிட்டருக்கும் மேலாகக் குருதி பாய்ந்திருக்க, கொடி கழன்ற இடத்துக் குழாய்வாய்களை அடைப்பதும் அதே நிலைக்குறுக்கம்தான். பின்னிக்கிடக்கும் தசைநார்கள் அவற்றை நெரித்து மூடுகின்றன. அது தளர்ந்தால் குருதிப்பெருக்கு உயிரைக் குடிக்கும் என்பதால், சேய் பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி இடுவதும், அடிவயிற்றைத் தொட்டுக் கருப்பையின் இறுக்கத்தை அடிக்கடி தேர்வதும் தவறலாகா. முதல் மணி நேரத்துக்குள் சேய் சீம்பால் அருந்தத் தொடங்க, அந்த உறிஞ்சலும் இயக்குநீரைச் சுரப்பித்துக் கருப்பையை இறுக்கும். பலமுறை ஈன்றவளுக்கு அவ்வேளை கருப்பை இறுகியும் தளர்ந்தும் அடிவயிற்றில் சுளீரென வலிக்கும்; தலைப்பேறு கண்டவளின் கருப்பை பெரும்பாலும் தளராது இறுகியே நிற்பதால், அவளுக்கு அவ்வலி குறைவு.