நம்பர் இல்லாத ஆசாமி!

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற சைஸில், 14 இலக்க எண் ஒன்று இருக்கும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த லைசென்ஸ் நம்பர். கம்பெனிக்கு ஒரு நம்பர், பிஸ்கட்டுக்கு பேட்ச் நம்பர், கடைக்காரருக்கு ஜி.எஸ்.டி. நம்பர். மாவு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அடுப்புப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்ட ஃபுட் டெக்னாலஜிஸ்ட்டுக்கு?

ஊஹூம். அவர் நம்பர் இல்லாத ஆசாமி.

'அதனாலென்ன?' என்பீர்கள். நான் பி.காம். சார். எங்கள் லைனில் நம்பர் இல்லாத கையெழுத்துக்கு மரியாதை கிடையாது. ஆடிட்டருக்கு 1949-லேயே சட்டம் வந்து உறுப்பினர் எண் வந்துவிட்டது. 2019-லிருந்து அவர் கொடுக்கிற ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனி எண் வேறு. வக்கீலுக்கு 1961 சட்டம். மருந்துக் கடை ஃபார்மஸிஸ்டுக்கு 1948. கால்நடை மருத்துவருக்கு 1984. டயட்டீஷியனைக்கூட 2021-ல் வந்த சட்டம் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஆக, 'இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே' என்று சொல்கிறவருக்குப் பதிவேடு உண்டு. சாப்பிடுவதைத் தயாரிக்கிறவருக்கு இல்லை! நாளைக்கே நான் 'ஃபுட் டெக்னாலஜிஸ்ட்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டால், அந்தப் பட்டத்தைக் காப்பாற்றத் தனியாக ஒரு கவுன்சில் கிடையாது. (கவலைப்படாதீர்கள். எனக்கு வெந்நீரே சரியாக வைக்கத் தெரியாது.) 1957-லிருந்து மைசூரில் உணவு விஞ்ஞானிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. நல்ல சங்கம்தான். ஆனால் விருப்பப்பட்டவர் சேரலாம். சேராதவரும் வேலை பார்க்கலாம்.

இது ஏதோ டெல்லி சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆம்பூருக்குப் போகிற வரை.

ஆம்பூரில் அக்கா வீடு. (2019-லிருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். அக்காவுக்கு இன்னும் வேலூர்தான்.) மாமா ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். பையனை பி.டெக். ஃபுட் டெக்னாலஜி படிக்க வைத்தார். படித்து முடித்து ஆறு மாதம் ஆகியும் வேலை இல்லை. அப்போதுதான் பக்கத்து ஊர் மசாலா கம்பெனி ஒன்றிலிருந்து தூது வந்தது.

"சர்டிபிகேட் ஜெராக்ஸ் மட்டும் குடுத்தா போதுமாம். கம்பெனிக்கு வரவே வேணாமாம். மாசம் நாலாயிரம்! ஊட்ல உக்காந்துகினே வர்ற பணத்த வேணாங்கிறான்பா இவன்" என்றார் மாமா.

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்றான் பையன் என்னிடம்.

எதற்கு ஜெராக்ஸ்? சட்டம் உள்ளே வருவது இங்கேதான். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2011 ஆகஸ்ட் 5-ல் அமலுக்கு வந்தன. லைசென்ஸ் வாங்கும் உற்பத்தியாளருக்கு அதில் ஒரு நிபந்தனை: தயாரிப்பை மேற்பார்வையிட குறைந்தது ஒரு 'டெக்னிக்கல் ஆசாமி' வேண்டும். அவர் வேதியியல், உயிர்வேதியியல், உணவும் ஊட்டமும், நுண்ணுயிரியல் இதில் ஏதாவது படித்த சயின்ஸ் பட்டதாரியாகவோ, ஃபுட் டெக்னாலஜியில் டிகிரியோ டிப்ளமோவோ வாங்கியவராகவோ இருக்க வேண்டும்.

நல்ல நிபந்தனை. மேற்பார்வையிட ஆள் கேட்டார்கள். நம்மவர்கள் காகிதத்தைத் தேடுகிறார்கள். சில மருந்துக் கடைகளில் சுவரில் ஒருத்தர் சர்டிபிகேட் தொங்கும், கல்லாவில் வேறொருத்தர் இருப்பார் இல்லையா? அதே வியாதி. ஆனால் ஃபார்மஸிஸ்டுக்காவது பதிவு எண் உண்டு, தேடிப் பிடிக்கலாம். மசாலாவுக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று, சிப்ஸுக்கு ஒன்று என்று ஒரே டிகிரி மூன்று ஃபைலில் படுத்திருந்தால், பெயரைப் போட்டு நீங்களும் நானும் தேட ஒரு பொதுப் பதிவேடு இல்லை.

மாமாவுக்கு நான் சொன்னது வேறு. ஜெராக்ஸ் கேட்கிறவர் அடுத்த மாதம், "தம்பி, இதிலும் ஒரு கையெழுத்து" என்று இன்னொரு ஃபாரம் நீட்டுவார். அது நாமினி ஃபாரமாக இருந்தால் ஆபத்து. சட்டத்தின் 66-வது பிரிவுப்படி, உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்று கம்பெனி யாரை நியமித்திருக்கிறதோ, தப்பு நடந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சரக்கைச் சாப்பிட்டு ஓர் உயிர் போனால், 59-வது பிரிவு: குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். அபராதம் பத்து லட்சத்துக்குக் குறையாது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலாயிரம் மேனிக்கு பத்து லட்சம் சேர இருபது வருஷம் ஆவுமே" என்றார். பி.காம். நானா, அவரா?

தயாரிக்கிற பக்கம் இப்படி. சோதிக்கிற பக்கம் கதவு கொஞ்சம் கெட்டி. உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆக வேண்டுமானால் ஃபுட் டெக்னாலஜி, டெய்ரி டெக்னாலஜி, பயோடெக்னாலஜி, வேளாண்மை, கால்நடை, நுண்ணுயிரியல் என்று விதியில் சொன்ன பட்டங்களில் ஒன்று வேண்டும். லேபில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உணவுப் பகுப்பாய்வாளர் ஆக, படிப்பு, அனுபவம் எல்லாம் போக, ஆணையம் நடத்தும் தேர்வையும் பாஸ் செய்ய வேண்டும்.

யார் சோதித்தார் என்பது அவ்வளவு முக்கியமா? மேகி நூடுல்ஸைக் கேளுங்கள். 2015 ஜூனில் நாடு முழுக்கத் தடை. ஆகஸ்ட் 13-ம் தேதி பம்பாய் ஐகோர்ட் தடையை ரத்து செய்தது. கம்பெனியின் பதிலைச் சரியாகக் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். சோதித்த லேப்களுக்குச் சட்டப்படி வேண்டிய அங்கீகாரம் இல்லை என்பது இன்னொன்று. கோர்ட் சொன்ன மூன்று லேப்களில் மறுபடி சோதித்தார்கள், நூடுல்ஸ் பாஸ். சரக்கு நல்லதோ கெட்டதோ, சொல்லுகிற ஆளுக்குத் தகுதிச் சீட்டு இல்லையென்றால் சொன்னது நிற்காது.

ஆம்பூர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவில், உடம்பில் படுகிற தோலில் ஆறாம் வகை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. 2015 மே மாதத்திலிருந்து அங்கே அதுதான் சட்டம். அதனால் வாங்குகிறவர் லேப் ரிப்போர்ட் கேட்கிறார். காலில் போடுகிற ஜெர்மன்காரர் ரிப்போர்ட் கேட்கிறார், வாயில் போடுகிற நாம், "ஒரு கிலோவா எடுத்தா எவ்ளோ கொறைப்பீங்க?" என்று கேட்கிறோம்!

இதற்காக டாக்டர்களுக்கு இருப்பது போல ஒரு பெரிய கவுன்சில், கட்டடம், தேர்தல், சந்தா எல்லாம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில்கூட ஃபுட் சயன்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளப் பொதுவான லைசென்ஸ் கிடையாது. தேர்வு எழுதி வாங்குகிற சான்றிதழ் உண்டு, அதுவும் விருப்பம்தான். இட்லி சுடும் ஆயாவிடம் போய் பி.டெக். கேட்கிற நிலைமையும் வந்துவிடக் கூடாது.

வேண்டியது ஒன்றே ஒன்று. லைசென்ஸில் பெயர் வருகிற அந்த டெக்னிக்கல் ஆசாமிக்கு ஒரு நம்பர். ஒரு நம்பர், ஒரு கம்பெனி. யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கிற மாதிரி. அது வந்தால் காகிதத்துக்கு வாடகை நிற்கும். மூன்று ஃபைலில் படுத்திருக்கிற ஒரு டிகிரிக்குப் பதில், மூன்று பையன்களுக்கு நிஜமான வேலை கிடைக்கும்.

அது வரும் வரைக்கும், இந்தப் படிப்புப் படித்த தம்பிகளுக்கு ஒரு பி.காம்.காரன் யோசனை: சம்பள நாளன்று மட்டும் உங்களைத் தேடுகிற கம்பெனியை நம்பாதீர்கள். நீங்கள் பார்க்காத கொப்பரைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அக்கா பையன் போடவில்லை. இப்போது ஒரு பால் பண்ணையில் ஷிஃப்ட் பார்க்கிறான். சம்பளம் சுமார்தான். ஆனால், தினமும் வேலைக்குப் போகிறான்!