பழைய காருக்கும் ஒரு விதைத் திருவிழா

பழைய கார் கூடுகைன்னா பளபளன்னு பாலிஷ் போட்ட அம்பாசிடரும், பக்கத்துல நின்னு எடுக்குற செல்ஃபியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் இன்னைக்குப் பேசப்போறது வேற மாதிரி கூடுகை. பானெட்டைத் திறந்து, கையில் கிரீஸ் ஒட்ட, வந்தவர்களே வேலை பார்க்கும் கூடுகை.

அது எதுக்கு? அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அதற்குப் பல வருடம் முன்பே நின்றுவிட்டது. வண்டிகள் இன்னும் இருக்கின்றன. குறைந்துகொண்டே வருவது அவற்றைத் தெரிந்த கைகள்தான். இன்றைய மெக்கானிக் ஸ்கேனர் மாட்டிக் கோளாறு பார்த்துப் பழகியவர். இந்த மாதிரி பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது.

ஒரு உதாரணம் சொல்றேன். பழைய பெட்ரோல் அம்பாசிடரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே 'பாயிண்ட்' இருக்கும். அது திறக்கும் ஒவ்வொரு தடவையும் காயிலில் ஓடும் 12 வோல்ட் மின்சாரம் அறுபட்டு, பல ஆயிரம் வோல்ட்டாக பிளக்கில் பொறி பறக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்-ல் ஓடினால், நொடிக்கு 100 தடவை!

ஓட ஓட, கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயும். இடைவெளி குறையும், பொறி தாமதமாக வரும், பிக்கப் போகும். சரிசெய்ய, இக்னிஷனை ஆஃப் பண்ணி, நியூட்ரலில் போட்டு, எஞ்சினைக் கையால் சுற்றி, பாயிண்ட் முழுசாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தணும். அங்கே இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கணும். அதுக்கப்புறம் டைமிங்கையும் பார்க்கணும், ஏன்னா இடைவெளி மாறினால் அதுவும் மாறும்.

அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு வெளியே வரணும். அந்த 'லேசா' எவ்வளவுன்னு வீடியோ சொல்லித் தராது. தெரிந்தவர் செட் பண்ணியதில் உங்கள் கையே ஒருமுறை உரசிப் பார்க்கணும். கூடுகை தேவைப்படுவது இதற்காகத்தான்.

அதை எப்படி நடத்துறது? வழி எங்க திருத்துறைப்பூண்டி பக்கமே இருக்கு. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவில், விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரணும். விதையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். விதைத்தால்தான் பெருகும்.

கார் வேலைக்கும் அதே கணக்கு. ஒரு கூடுகையில் ஒரே ஒரு வேலை கத்துக்கோங்க: பிளக்கோ, பாயிண்டோ, கார்புரேட்டரோ. அடுத்த கூடுகையில் அதை இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்க. ஒரு விதி முக்கியம்: தெரிந்தவர் வாயால் சொல்லணும், ஸ்பானர் தெரியாதவர் கையில் இருக்கணும். இன்னொன்று, பெட்ரோல் பைப்பைக் கழற்றும் வண்டி பக்கத்தில் யாரும் பொறி சோதிக்கக் கூடாது.

உங்க தெருவில் உறை போட்டு மூடின கார் ஏதாவது நிற்குதா? அதன் சொந்தக்காரரிடம் பேசுங்க. இரண்டு வண்டி, நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.