ஓட்டல் மேசையும் இரண்டு வயது உடலும்

ஓட்டல் சோறு விற்கிற இடம். கூடவே உடல்களை ஒழுங்குபடுத்துகிற இடமும்கூட. உட்கார், காத்திரு, சத்தம் போடாதே, சிந்தாதே, சாப்பிட்டதும் எழுந்து போ: எங்கும் எழுதி ஒட்டப்படாத இந்த விதிகளுக்குப் பெரியவர்களாகிய நாம் பழகிவிட்டோம். இரண்டு வயதுக் குழந்தையின் உடல் இன்னும் இவற்றுக்குள் வரவில்லை. இப்போதுதான் நடக்கக் கற்ற உடல் அது; நடந்துகொண்டேதான் இருக்கும். பசித்தால் இப்பவே வேணும். ஸ்பூனைக் கீழே போட்டுச் சத்தம் கேட்பது அதற்கு ஒரு பரிசோதனை, பக்கத்து மேசைக்காரருக்குத் தொந்தரவு. 'பிள்ளைய அடக்கி வச்சுக்கத் தெரியாதா?' என்கிற பார்வை அப்பாவைத் தாண்டிப் போய் அம்மாவின் மேல்தான் விழுகிறது.

இந்த மோதலுக்கு வணிகம் கண்டுபிடித்த தீர்வுதான் ஓட்டலுக்குள் விளையாட்டு மூலை. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 1970களில் தன் கடைகளை ஒட்டி விளையாட்டுத் திடல்களைக் கட்டத் தொடங்கியது. அடாரி வீடியோ விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல், 1977இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 'சக் இ. சீஸ்' பீட்சாக் கடையைத் திறந்தார். பீட்சா வேக நேரமாகும். அந்த நேரத்தில் பிள்ளைகள் காசு போட்டு விளையாடுவார்கள். காத்திருத்தல் என்கிற நட்டமே வருமானமாகிவிட்டது. 1979இல் பொம்மையோடு சேர்ந்த 'ஹேப்பி மீல்' அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. எந்தக் கடைக்குப் போவது என்று தீர்மானிப்பது குழந்தை, பணம் கொடுப்பது பெரியவர் என்கிற ஏற்பாடு இப்படி நிலைபெற்றது. மெக்டொனால்ட்ஸ் 1996இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டு நெடுஞ்சாலையோரச் சைவ ஓட்டல்கள் சிலவற்றிலும் சறுக்குமரமும் ஊஞ்சலும் நிற்கின்றன.

குழந்தைப் பருவம் என்கிற கருத்தே வரலாற்றில் உருவானது, பெரியவர்களோடு கலந்து திரிந்த குழந்தை படிப்படியாகத் தனியே பிரித்து வைக்கப்பட்டது என்று 1960இல் பிலிப் ஆரியஸ் வாதிட்டார். அவர் முடிவுகள் சிலவற்றைப் பிறகு வந்த வரலாற்றாளர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனாலும் வேலி போட்ட இந்த மூலையைப் பார்க்கும்போது அந்தப் பிரிப்பு நினைவுக்கு வராமல் போகாது. பெரியவர் வெளி ஒழுங்காக இருக்க, குழந்தை வெளி ஒன்று ஒதுக்கித் தரப்படுகிறது.

அப்படியானால், இது நுகர்வுக் கலாச்சாரத்தின் பொறி என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? நம் தோழர்கள் பலர் அப்படித்தான் முடிப்பார்கள். அந்த அவசரத்தில் ஓர் ஆண் நோக்கு இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு, இன்னொருவர் பரிமாற உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கிற அபூர்வமான இடம் ஓட்டல். கைக்குழந்தை வந்ததும் அதுவும் போய்விடுகிறது. புருஷன் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அவள் முறை வரும்போது தோசை ஆறி வறட்டியாகியிருக்கும். விளையாட்டு மூலை அவளுக்குத் தருவதாகச் சொல்வது ஒரு சூடான தோசை. அதை அற்பம் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் தருகிறதா? சறுக்குமரத்தின் பக்கத்திலேயே பலகை தொங்கும்: 'குழந்தைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு'. இடத்தைக் கொடுத்த முதலாளி, பார்த்துக்கொள்கிற உழைப்பைக் கொடுக்கவில்லை. ஆறேழு வயதுப் பிள்ளைகள் மேலிருந்து வேகமாக இறங்கும் இடத்தில் இரண்டு வயதுக் குழந்தையைத் தனியே விட முடியாது. யாராவது நிற்க வேண்டும். யார் நிற்பது? அம்மாதான் என்றால், வாசலில் நின்றவள் சறுக்குமரத்தடியில் நிற்கிறாள், அவ்வளவுதான் மாற்றம்.

ஆகவே விளையாட்டு மூலையின் பயன் அதன் பிளாஸ்டிக்கில் இல்லை, முறை வைத்துக்கொள்வதில் இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் போவது. மூலை கண்ணில் படுகிற மேசையைப் பிடிப்பது. பிள்ளைக்கு முதலில் இட்லி சொல்லிவிடுவது. சாப்பிட்ட கையோடு குதிக்க விடாமல் விளையாடியபின் ஊட்டுவது. அதற்குமுன் சோப்புப் போட்டுக் கைகழுவிவிடுவது. முதல் தட்டு அம்மாவுக்கு, முதல் காவல் அப்பாவுக்கு. இதில் கடைசி விதி ஒன்றுதான் கஷ்டமானது. அதுதான் அரசியலும்கூட.

இன்னொரு குழந்தையையும் பார்க்க வேண்டும். ஓட்டல் மேசையைத் துடைத்த பையன் நம் நினைவில் இருக்கிறான். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் ஓட்டல் வேலை இல்லை. 2006 அக்டோபர் 10 முதல்தான் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை ஓட்டல்களிலும் தாபாக்களிலும் வேலைக்கு வைப்பது தடைசெய்யப்பட்டது. அதாவது இந்தியாவில் ஹேப்பி மீல் விற்ற கடை திறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு. ஓட்டலில் ஒரு குழந்தை விளையாடவும் இன்னொரு குழந்தை எச்சில் துடைக்கவும் ஒரே காலத்தில் இடமிருந்தது.

உணவு விடுதிக்குள் நுழைவதற்குச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு. விலைப்பட்டியல் போடுகிற தடையைப் பற்றி அது பேசவில்லை. விளையாட்டு, பில்லோடு சேர்ந்து வருகிற சலுகையாகும்போது, காசு கொடுக்காமல் ஆடக்கூடிய நகராட்சிப் பூங்காவின் உடைந்த ஊஞ்சலைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் போகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கட்டாயமாக்கியது. நாம் போகிற ஓட்டல்களில் பல அந்த எண்ணிக்கைக்குள் வராதவை. முன்பக்கம் நம் பிள்ளை சறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்கட்டில் தட்டு கழுவுகிற பெண்ணின் இரண்டு வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது என்று கேட்போம். முதலாளியிடம் கேட்போம், சங்கத்தில் கேட்போம்.