ஏட்டில் ஏறிய யானைத்தடம்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் உத்தனப்பள்ளி. அதன் அருகே சானமாவுக் காடு உள்ளது. கேழ்வரகு முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னர்கட்டாக் காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் வழியாக யானைக் கூட்டங்கள் இப்பக்கம் வருவதுண்டு. அவை பகலில் காட்டில் தங்கும்; இரவில் வயலில் இறங்கும். உழவரின் ஒரு பருவத்து உழைப்பு ஓரிரவில் அழியும். சில வேளைகளில் மனிதரும் உயிரிழப்பர், யானையும் மடியும்.

யானை வந்தது என்று ஊரார் கூறும்போது, ஒருவர் பத்து என்பார்; மற்றொருவர் முப்பது என்பார். இச்செய்தியைக் கொண்டு திட்டம் எதுவும் வகுக்க இயலாது. கண்ட உயிர் எது, இடம் எது, நாளும் நேரமும் யாவை, கண்டவர் யார் என்னும் நான்கும் ஏட்டில் ஏறினால்தான் அது சான்றாகும். இதனையே உயிரினப் பதிவு என்பர்.

யானையை நேரில் காணாவிடினும் பதிவு செய்யலாம். அதன் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை நூலால் அளந்து இருமடங்காக்கினால், தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். காதின் கிழிசல், தந்தத்தின் வளைவு ஆகியவற்றால் ஒரு யானையைப் பிறவற்றினின்றும் பிரித்தறியலாம். சிறுத்தைக்கு உடற்புள்ளிகளே அடையாளம். ஒன்றன் புள்ளியமைப்பு மற்றொன்றிற்கு இராது. ஆதலின், காட்டுத் தடங்களில் தானியங்கி நிழற்படக் கருவிகளைப் பொருத்திச் சிறுத்தைகளின் எண்ணிக்கையை மதிப்பிடுவர்.

ஒரு நாளின் குறிப்பு சிறியதே. ஆயினும், பல்லாண்டுக் குறிப்புகளை ஒரே நிலப்படத்தில் குறித்தால், யானைகள் எந்த மாதத்தில் எவ்வூர் ஓரமாகச் செல்கின்றன என்பது புலப்படும். அவ்வூர்களை முன்னரே எச்சரிக்கலாம்; காவலரை உரிய இடத்தில் நிறுத்தலாம்; யானையின் வழியில் கட்டடங்கள் எழாமற் காக்கலாம். ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிவரும் இந்நாளில் இஃது இன்றியமையாதது.

காட்டைக் காக்கவும் இத்தகைய கணக்குகள் துணைநிற்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. 2022ஆம் ஆண்டு, ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அங்கு 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் பதிவாகியிருந்தமை அப்போது எடுத்துக்காட்டப்பட்டது. இப்புதிய சரணாலயம், காவிரி வடக்கைக் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு இணைக்கின்றது. யானை மாநில எல்லையை அறியாது. அதன் வழி அறுபடாதிருக்க இவ்விணைப்பு உதவும்.

பதிவு செய்வோர்க்கு வேண்டிய முதற்பண்பு வாய்மையே. ஐந்தைக் கண்டு பத்தென எழுதினால் ஊரில் வீண் அச்சம் பரவும். பத்தைக் கண்டு ஐந்தென எழுதினால் காவல் போதாமற் போகும். ஐயமுற்றதை ஐயம் என்றே எழுதுதல் வேண்டும். ஒன்றும் காணாத நாளில் 'காணவில்லை' என்று எழுதுக. அதுவும் பயனுள்ள செய்தியே.

மாணவர்களே! நீங்கள் யானையைத் தேடிச் செல்லுதல் கூடாது. அப்பணி வனத்துறையினர்க்கு உரியது. உங்கள் பள்ளி மரத்திற்கு வரும் பறவைகளை நாள்தோறும் உற்றுநோக்கி, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இன்று நீங்கள் எழுதும் ஒரு வரி, நாளை ஓர் உயிரினத்தைக் காக்கும் சான்றாக அமைதல் கூடும்.