முதல் தெர்மல், ரெண்டாவது தெர்மல்

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் "தெர்மலுக்குப் போகணும்" என்றால் போதாது; அனல்மின் நிலையத்துக்கு இங்கே அதுதான் பெயர். முதல் தெர்மலா, ரெண்டாவதா, எக்ஸ்பான்ஷனா என்று கேட்பார்கள். மின்திறனைக் கூட்டிக்கொண்டே போனதில் நிலையங்களின் பெயர்களே ஊருக்கு விலாசமாகிவிட்டன.

1962-இல், சோவியத் உதவியோடு முதல் தெர்மலில் ஓடத் தொடங்கிய எந்திரத்தின் திறன் 50 மெகாவாட். அதுபோல ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என ஒன்பதும் சேர்ந்து, 1970-இல் 600 மெகாவாட். அவை 2020 செப்டம்பரோடு ஓய்ந்தன. அதற்குப் பதிலாக வந்த புதிய நிலையத்தில் இரண்டே எந்திரங்கள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட். அன்று ஒன்பது எந்திரங்கள் இழுத்த பாரத்தை இன்று ஒன்றேகால் எந்திரம் இழுத்துவிடும்.

இருக்கிற எந்திரத்திலேயே திறனைக் கூட்டுவது வேறு வித்தை. கல்பாக்கத்தில் அதைச் செய்தார்கள். எண்பதுகளின் கடைசியில், இரண்டு அணு உலைகளிலும் கலனுக்குள் கனநீர் வரும் குழாயமைப்பு உடைந்தது. 220 மெகாவாட் தர வேண்டிய உலைகளை 170-க்கு இறக்கி ஓட்ட வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டுபோல அந்த நொண்டி நடைதான். பிறகு எரிபொருள் குழாய்களை மொத்தமாக மாற்றியபோது, கனநீருக்கும் புதுவழி அமைத்தார்கள். 2003-இல் ஓர் உலை, 2006-இல் மற்றொன்று, மீண்டும் 220-க்கு ஏறின. ஒரு சென்ட் நிலம்கூடப் புதிதாகத் தேவைப்படவில்லை. யுரேனியம் தோண்டிய பள்ளம் ஜார்க்கண்டில் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர்க் கதை வேறு: இங்குள்ள பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். லாரியிலோ ரயிலிலோ ஏற்றித் தொலைவுக்கு அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே தெர்மல்; மெகாவாட் கூடக்கூட சுரங்கமும் அகலும். 1957-இல் தோண்டத் தொடங்கிய காலத்தில் அது முந்திரிக்காட்டு வேலை. இன்று சுரங்கத்தின் விளிம்பு நன்செய்க்கு வந்துவிட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், பயிர் நின்ற வயலுக்குள்ளேயே மண்வாரி எந்திரங்கள் இறங்கின. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட. நிலத்தை எப்போதோ எடுத்தாகிவிட்டது என்றது சுரங்க நிறுவனம். நட்டவர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.