மயக்க டாக்டர் கேட்கும் கேள்வி

நாச்சியாபுரத்தில் என் பெரியப்பா முகப்பில் படுத்துக் குறட்டை விட்டால் இரண்டாம் கட்டு வரைக்கும் கேட்கும். செட்டிநாட்டு வீட்டின் நீளம் தெரிந்தவர்களுக்கு அதன் வீரியம் புரியும். சிறுவர்களான எங்களுக்கு அது சிரிப்பு. பெரியவர்களுக்கோ பெருமை: "கவலையில்லாத மனுசன், எப்படித் தூங்குறாக பாரு!" பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தலை தொங்கிவிடும். அந்தப் பழியை வெள்ளைப் பணியாரத்தின் மேலும் கந்தரப்பத்தின் மேலும் போட்டுவிட்டோம்.

பெரியம்மா மட்டும் வேறு ஒன்று சொல்வார். "சத்தம் வர்ற வரைக்கும் பயமில்லப்பு. திடீர்னு நின்னு போகும் பாரு, அப்பத்தான் எந்திரிச்சு உக்காந்துருவேன்."

படிக்காத பெரியம்மா நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு தொண்டையில் மூச்சு போகும் வழி அப்படியே ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு மூச்சை இழுக்கும், காற்று வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். குறைந்தது 10 விநாடி மூச்சு தடைப்பட்டால்தான் கணக்கு. மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் நோய், 30ஐத் தொட்டால் கடுமையான நோய். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கழுத்தை நெரித்துவிட்டுப் போவது போல. பகலில் தலை தொங்காமல் என்ன செய்யும்?

அளவுக்கு மீறிய உடல் பருமனோடு இந்தத் தூக்க மூச்சுத் தடை சேரும்போது எடைக்குறைப்பு ஆபரேஷனைப் பற்றி டாக்டர்கள் பேசத் தொடங்குகிறார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து மிச்சத்தை ஒரு குழாய் போல ஆக்கிவிடுவது அதில் ஒரு வகை. எடை இறங்கினால் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத் தடையும் குறைகிறது. சிக்கல் எங்கே என்றால், எந்த நோய்க்காக மேஜையில் படுக்கிறோமோ அதே நோய்தான் மேஜையில் படுப்பதை ஆபத்தாக்குகிறது. மயக்க மருந்து தொண்டையைத் தூக்கத்தைவிட அதிகமாகத் தளர்த்தும். ஒல்லியான, ஆரோக்கியமான ஒருவரின் நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பிவிட்டு மூச்சை நிறுத்தினால் சுமார் 8 நிமிடம் தாங்குவார். மிகப் பருத்த உடம்பு மூன்று நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். சுவாசத்துக்கான குழாயைத் தொண்டைக்குள் இறக்க மயக்க டாக்டருக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அதனால்தான் அவர் முதலில் குறட்டையைப் பற்றிக் கேட்கிறார். டொரண்டோவைச் சேர்ந்த மயக்கவியல் நிபுணர் பிரான்சிஸ் சுங் குழுவினர் 2008இல் வெளியிட்ட 'ஸ்டாப்-பேங்' கேள்வித்தாளில் மொத்தம் 8 கேள்விகள். பிரஷர் உண்டா, கழுத்துச் சுற்றளவு எவ்வளவு என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு கேள்விக்கு மட்டும் நோயாளியால் பதில் சொல்ல முடியாது: தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? என் யோசனை, மயக்க டாக்டரைப் பார்க்கப் போகும்போது, பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கெல்லாம் குறட்டை கிடையாது" என்று நம் ஆண்கள் கூசாமல் சொல்லிவிடுவார்கள்.

பதில்கள் சந்தேகம் தந்தால் ஸ்லீப் டெஸ்ட். உறுதியானால் சிபாப் மெஷின். மூக்கில் மாட்டிய முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, ஒட்டிக்கொள்ளும் வழியைத் திறந்தே வைத்திருக்கும் கருவி அது. சிட்னியின் காலின் சல்லிவன் 1981இல் இதை உலகுக்குச் சொன்னார். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. முதல் இரவே யாருக்கும் பிடிப்பதில்லை. யானைத் தும்பிக்கையை மாட்டிக்கொண்டது போல இருக்கும், வாய் உலரும், பட்டை கன்னத்தில் தழும்பு போடும். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி மாட்டிப் பழகியவர்கள் இரவில் தேறிவிடுகிறார்கள். இரவுக்கு 4 மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும். எத்தனை மணி போட்டார் என்பதை மெஷினே பதிந்து வைக்கும். டாக்டரிடம் கதைவிட முடியாது.

அடுத்தது கல்லீரல். கொழுப்பேறி வீங்கிய கல்லீரலின் இடதுபுறம் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். கேமரா வைத்துச் செய்யும் ஆபரேஷனில் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் வழி. அதைச் சுருக்க, பெரும்பாலும் இரண்டு வாரம், நாளைக்கு 800 கலோரி அளவில் புரதக் கஞ்சியும் நீர் ஆகாரமும். அந்த வாரங்களில் எங்கள் ஊரில் விசேஷ வீடு வந்தால் முடிந்தது கதை. தேன்குழல் தட்டை மறுப்பது சொந்தத்தையே மறுப்பது மாதிரி.

மேஜையில் மட்டமாகப் படுக்க வைக்க மாட்டார்கள். முதுகு, தோள், தலைக்கு அடியில் துணிகளை அடுக்கி, காதுத் துவாரமும் நெஞ்செலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுவார்கள். முடிந்தபின் கண் திறந்து, சொன்னபடி தலையைத் தூக்கினால்தான் குழாய் வெளியே வரும். பிறகு சாய்ந்த நிலையில் உட்கார வைத்து, மூச்சை மந்தமாக்கும் வலிமருந்துகளைக் கூடியவரை குறைத்து, சிபாப்பை மறுபடி மாட்டுவார்கள். ஆகவே வீட்டு மெஷினையும் பழகிய முகமூடியையும் பையில் முதலில் எடுத்து வையுங்கள்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இடத்தில் இறந்தார். அரசு விசாரணை நடத்தியது. அதற்கும் மூச்சுத் தடைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் "தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டிடத்திலா? ராத்திரி யார் இருப்பார்கள்?" என்று கேட்கக் கூச வேண்டியதில்லை. தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இது யாரோ சிலரின் சங்கதி இல்லை.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையத்தின் விதிப்படி உடல் நிறை எண் 40ஐத் தொட்டாலோ, 35ஐத் தொட்டுக் கடுமையான மூச்சுத் தடை போன்ற நோய் உடனிருந்தாலோ, மற்ற நிபந்தனைகளும் பொருந்தும் பட்சத்தில், எடைக் கட்டுப்பாடு என்ற காரணத்தைக் காட்டி இந்த ஆபரேஷனைத் தள்ள முடியாது. ஸ்லீப் டெஸ்ட் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

ஆபரேஷன் முடிந்து இருபது முப்பது கிலோ இறங்கியதும், குறட்டை போய்விட்டது என்று மெஷினைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுத்து டாக்டர் சொன்ன பிறகுதான் அதை நிறுத்தலாம். சத்தம் இல்லாததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பெரியம்மா எழுந்து உட்கார்ந்ததே சத்தம் நின்றபோதுதான்.