நட்பு இருக்கட்டும், டம்ளர் மாறட்டும்

தில்லியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கட்டட வேலை முடிந்தது. வாரக் கூலி கைக்கு வந்தது. நான்கு கூட்டாளிகள் ஒன்றாக நடந்து வருகிறார்கள். நால்வரும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெளியூரில் ஒருவருக்கு ஒருவர்தான் துணை.

மூன்று பேர் மதுக்கடைப் பக்கம் திரும்புகிறார்கள். ஒருவர் மட்டும் நிற்கிறார். அவர் குடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது.

"என்ன தம்பி, எங்களை விட்டுட்டுப் போறியா?"

"இல்லண்ணே, நானும் வர்றேன். எனக்குச் சோடா போதும்."

மற்றவர்கள் சிரிக்கிறார்கள். "சோடா குடிக்கவா இந்தப் பாடுபட்டோம்?"

இப்படிப்பட்ட காட்சியை நாம் பல இடங்களில் பார்க்கிறோம். குடியை விட்டவருக்கு இது சோதனையான நேரம். கூட்டாளிகளை விட்டால் துணை போய்விடும். அவர்களோடு போனால் பழைய பழக்கம் திரும்பி வரும். வேறு வழி உண்டா?

உண்டு. நட்பை விட வேண்டாம். டம்ளரில் இருப்பதை மாற்றலாம். கூட்டாளிகளையும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் அழைத்து வரலாம். எப்படி என்று பார்ப்போம்.

குடிப்பவர்கள் சொல்லும் காரணங்கள்

"உடம்பு வலி தீர்ந்து தூங்க வேண்டும்" என்கிறார் ஒருவர். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும். அது உண்மை. ஆனால் நடு இரவுக்கு மேல் தூக்கம் கலைந்து கலைந்து போகும். காலையில் எழுந்தால் அலுப்பு அப்படியே இருக்கும்.

"தில்லிக் குளிருக்கு இது வேண்டும்" என்கிறார் இன்னொருவர். குடித்தவுடன் உடம்பு சூடாவது போலத் தெரியும். ஏன் தெரியுமா? மது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடுகிறது. அதனால் உடம்பு உண்மையில் குளிர்ந்து போகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் குடித்துவிட்டு வெட்டவெளியில் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

"வெயிலுக்கு பீர் குளிர்ச்சி" என்கிறார் மூன்றாமவர். மது குடித்தால் சிறுநீர் அதிகமாகப் போகும். உடம்பில் உள்ள தண்ணீர் குறையும். நாக்கு மறுபடியும் வறண்டு போகும்.

கடைசியாக ஒரு காரணம் சொல்வார்கள். "சர்பத் சின்னப் பிள்ளைகள் குடிப்பது. அதில் ஓர் உறைப்பு இல்லை, ஒரு காரம் இல்லை."

இதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். உறைப்புக்குப் பழகிய நாக்குக்கு வெறும் இனிப்புத் தண்ணீர் பிடிக்காது. அதைக் கொடுத்துவிட்டு, "அவர் திருந்தவே மாட்டார்" என்று சொல்வதில் நியாயம் இல்லை. அந்த நாக்குக்குப் புளிப்பு வேண்டும். உப்பு வேண்டும். காரம் வேண்டும். சுர்ரென்று ஏறும் சோடா வேண்டும். இவை எல்லாம் மது இல்லாமலே கிடைக்கும்.

ஒரே மரம், இரண்டு பானம்

நம் ஊர்ப் பனைமரத்தை நினைத்துப் பாருங்கள். பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறோம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் கிடைக்கிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அது கள்ளாக மாறுகிறது.

காரணம் என்ன? காற்றிலும் பாளையிலும் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தை உண்டாக்கும். சுண்ணாம்பு அதைத் தடுத்துவிடும். மரம் ஒன்றுதான். சாறும் ஒன்றுதான். ஒன்று உடம்புக்குக் குளிர்ச்சி. மற்றது போதை.

பீகார் மாநிலத்தில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. கள் இறக்கிப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. பதநீர் இறக்கி விற்கும்படி அரசு அவர்களை ஊக்குவித்தது. அங்கே பதநீரை நீரா என்கிறார்கள். அதே மரத்தில், அதே கையால், வேறு பானம்.

தில்லியில் என்ன கிடைக்கும்?

பதநீர் தில்லித் தெருவில் எளிதில் கிடைக்காது. ஆனால் தில்லிக்கென்றே சில பானங்கள் உண்டு. உறைப்பு கேட்கும் கூட்டாளிக்கு அவை மிகவும் பொருத்தம்.

பண்டா: இது நம் ஊர்க் கோலி சோடாதான். இந்தப் பாட்டிலை 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் தன் பெயரில் பதிவு செய்தார். உள்ளே இருக்கும் வாயு, கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். தில்லியில் சோடாவோடு எலுமிச்சைச் சாறு, கறுப்பு உப்பு, மசாலாப் பொடி கலந்து கொடுப்பார்கள். கோலியைத் தட்டும் சத்தம் கேட்டாலே ஊர் ஞாபகம் வரும்.

ஜல்ஜீரா: சீரகம், புதினா, இஞ்சி, மிளகு, புளி, கறுப்பு உப்பு சேர்ந்த தண்ணீர். மேலே பூந்தி மிதக்கும். மூக்கு வரை காரம் ஏறும்.

காஞ்சி: பெயரைக் கேட்டுச் சோற்றுக் கஞ்சி என்று நினைக்க வேண்டாம். குளிர் காலத்தில் கிடைக்கும் கருநிறக் கேரட்டை நறுக்கித் தண்ணீரில் போடுவார்கள். கடுகுப் பொடி, உப்பு, மிளகாய்த் தூள் சேர்த்துச் சில நாள் வெயிலில் வைப்பார்கள். நம் தோசை மாவு போல அது புளித்துவிடும். கருஞ்சிவப்பு நிறம். கடுகின் நெடி. "இதில் ஒன்றும் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. அதிக நாள் வைத்தால் சிறிது சாராயச் சத்து சேரலாம். ஆகவே புதியதாகக் குடிக்க வேண்டும்.

ஆம் பன்னா: மாங்காயை வேகவைத்துப் பிசைந்து, வெல்லம், சீரகப் பொடி, கறுப்பு உப்பு கலந்தது. மே, ஜூனில் தில்லியில் அனல் காற்று வீசும். அதை லூ என்பார்கள். அந்த நாளுக்கு ஏற்ற பானம் இது.

ரூஹ் அஃப்சா: இதுவும் தில்லியில் பிறந்ததுதான். ஹக்கீம் அப்துல் மஜீத் என்ற யுனானி மருத்துவர் 1907-இல் பழைய தில்லியில் இதைத் தயாரித்தார். வெயிலுக்கு இதமான பானம் கொடுப்பதே அவர் நோக்கம். இது இனிப்பானது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

தெருவில் வாங்கும்போது தண்ணீரையும் ஐஸையும் கவனியுங்கள். சுத்தம் இல்லாத ஐஸால் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் வரலாம். வீட்டில் செய்வதே நல்லது.

நான்கு பேருக்கு ஜல்ஜீரா

2 தேக்கரண்டி சீரகத்தை வாசம் வரும்வரை வறுத்துப் பொடி செய்யுங்கள். ஒரு கைப்பிடிப் புதினா, ஒரு சிறு துண்டு இஞ்சி, 6 மிளகு ஆகியவற்றை அரையுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர் எடுங்கள். அதில் அரைத்ததையும் சீரகப் பொடியையும் கலக்குங்கள். 2 எலுமிச்சம்பழம் பிழிந்து, அரைத் தேக்கரண்டி கறுப்பு உப்பு போடுங்கள். வடிகட்டி, பானையில் குளிர வையுங்கள். குடிக்கும் நேரத்தில் பூந்தி தூவுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

எப்படிக் கொடுப்பது?

முதலில், புத்தி சொல்லாதீர்கள். "குடிகாரன்" என்று பெயர் வைக்காதீர்கள். டம்ளரை நீட்டி, "குடிச்சுப் பாருங்கண்ணே, காரம் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வேறு ஒன்றைக் கொடுங்கள்.

இரண்டாவது, மதுக்கடைக்குப் போவதற்கு முன்பே கொடுங்கள். வேலை முடிந்து வருபவருக்குப் பசியும் தாகமும் இருக்கும். முதல் டம்ளர் மது பெரும்பாலும் தாகத்துக்கே போகிறது. வறுத்த கடலையும், வெங்காயம் போட்ட சுண்டலும், குளிர்ந்த ஜல்ஜீராவும் முன்னால் வந்துவிட்டால் அந்த அவசரம் குறையும்.

மூன்றாவது, உட்காரும் இடத்தை மாற்றுங்கள். மதுக்கடை வாசலில் சோடா குடிப்பது கடினம். ஒருவர் வீட்டு வாசலில், மொட்டை மாடியில், பூங்காவில் கூடலாம். சீட்டுக் கச்சேரி, பாட்டு, ஊர்ப் பேச்சு எல்லாம் இருக்கட்டும்.

நான்காவது, ஒரே நாளில் முழு வெற்றியை எதிர்பார்க்காதீர்கள். நான்கு டம்ளர் குடித்தவர் இரண்டோடு நிறுத்தினால் அதுவும் ஒரு படிதான். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். மது எந்த அளவிலும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியிருக்கிறது.

ஊரே சேர்ந்தால் இன்னும் எளிது. தில்லிக்கு அருகில் உள்ள ராஜஸ்தானில், ஜெய்ப்பூர் நகரில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் இருந்து வருகிறது. டிசம்பர் 31 இரவு, மதுவுக்குப் பதில் பாலோடு புத்தாண்டைத் தொடங்குங்கள் என்று சொல்லித் தெருவில் சூடான பால் கொடுக்கிறார்கள். மாணவர்களும் இதில் சேர்ந்துகொள்கிறார்கள். கொண்டாட்டம் குறையவில்லை. டம்ளரில் இருப்பதுதான் மாறியிருக்கிறது.

கவனம் தேவை

படிக்கக் கற்றது இங்கே உதவும். பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். "மது இல்லாத பீர்" என்று இப்போது விற்கிறார்கள். சிலவற்றில் 0.0 என்று எழுதியிருக்கும். சிலவற்றில் 0.5 விழுக்காடு வரை சாராயச் சத்து இருக்கலாம். குடியை முழுதும் விட்டவருக்கு அந்த வாசனையே பழைய ஆசையைக் கிளப்பிவிடும். அவருக்கு ஜல்ஜீராவே மேல்.

மருந்து என்ற பெயரில் போதைக்காக விற்கும் பாட்டிலைத் தொடவே கூடாது. 1991 நவம்பரில் தில்லியில் கற்பூராசவம் என்ற பெயரில் விற்றதைப் பலர் போதைக்காகக் குடித்தார்கள். அதில் மெத்தனால் என்ற விஷம் இருந்தது. ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது.

குடியை நிறுத்துவதற்கென்று யாருக்கும் தெரியாமல் சோற்றிலோ பானத்திலோ பொடி, மாத்திரை கலக்காதீர்கள். அது தெரியாமல் அவர் மது குடித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். நீங்கள் கொடுக்கும் டம்ளரை அவர் நம்பிக் குடிக்க வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். சிலர் பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடிப்பார்கள். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். இவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இவர்களுக்கு ஜல்ஜீரா போதாது. மருத்துவர் வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்பு மையம் காசியாபாத்தில் உள்ளது. 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். மன உளைச்சலுக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஒரு கணக்கு

ஒருவர் வாரத்துக்கு 600 ரூபாய் குடிக்குச் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 52 வாரம். 600 × 52 = 31,200 ரூபாய். அதே ஆள் எலுமிச்சை, சீரகம், கடலைக்கு வாரம் 100 ரூபாய் செலவு செய்தால் ஆண்டுக்கு 5,200 ரூபாய். மிச்சம் 26,000 ரூபாய்.

அந்தப் பணத்தில் பிள்ளைக்கு என்ன வாங்கலாம்? ஊருக்கு எத்தனை முறை போய் வரலாம்? நீங்களே எழுதிப் பாருங்கள்.

நால்வரிடம் திரும்பி வருவோம். அடுத்த சனிக்கிழமை தம்பி முந்திக்கொள்ளலாம். "அண்ணே, இன்னைக்கு நம்ம வீட்டுக்கு வாங்க. கடலை வறுத்து வச்சிருக்கு" என்று கூப்பிடலாம். மூன்று பேரும் வராமல் போகலாம். ஒருவராவது வந்தால் அன்று அவர் வீட்டில் கூலி முழுதாகப் போய்ச் சேரும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் கூலி நாளன்று எல்லோரும் எங்கே கூடுகிறார்கள்? அங்கே குடிக்க என்ன கிடைக்கிறது?

2. குடியை விட்ட ஒருவரைக் கூட்டாளிகள் கேலி செய்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

3. உங்கள் ஊரில் உறைப்பும் புளிப்பும் உள்ள பானம் எது? அதன் செய்முறையை எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.